பின்பம்பர் உரசல்: மேற்கு மாம்பலத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

நன்றியுரையோடு தொடங்குவது ஆய்வேட்டு மரபு. இந்த ஆய்வைச் சாத்தியமாக்கிய கன்றுக்குட்டிக்கு முதல் நன்றி. ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை 8.40 மணிக்கு, வாயில் வாழை இலைக் கிழிசலோடு அது ஆரிய கவுடா சாலையைக் கடந்தது. நான் பிரேக் போட்டேன். எனக்குப் பின்னால் வந்த வெள்ளைக் காரும் போட்டது, கொஞ்சம் தாமதமாக. டப் என்று ஒரு சத்தம். கன்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இலையை மென்றபடி எதிர்ச் சந்துக்குள் போய்விட்டது.

மோதல் நடந்து முடிய ஒரு நொடி ஆகியிருக்காது. மோதிய பிறகு பார்க்க வேண்டிய வேலை ஏழு வாரம் இழுத்தது. நொடியைப் பற்றி நூலகம் நூலகமாக எழுதிவிட்டார்கள். ஏழு வாரத்தைப் பற்றி எழுத ஆளில்லாத குறையை நீக்கவே இந்த முயற்சி.

ஆய்வின் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். ரத்தம் வராத, எலும்பு முறியாத, ஏர்பேக் விரியாத மோதல்கள் மட்டுமே இங்கே எடுத்துக்கொள்ளப்படும். யாருக்காவது அடிபட்டிருந்தால் இதைக் கீழே வைத்துவிட்டு 108ஐ அழையுங்கள். நல்ல மனதோடு உதவ வந்தவரை வழக்கில் மாட்டிவிடக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் 134ஏ என்று ஒரு பிரிவையே சேர்த்திருக்கிறார்கள், பயப்பட வேண்டாம்.

முதன்மைச் சான்றாதாரம், ஒன்பது வயதான என் வெள்ளி நிறக் காரின் பின்பம்பர். துணைமைச் சான்றாதாரங்கள்: ஒரு டீக்கடைக்காரர், ஓர் ஆட்டோ ஓட்டுநர், பால் பாக்கெட்டோடு நின்ற பெரியவர் ஒருவர், ஒரு டிங்கர், என் மனைவி, என் தாயார். கருதுகோள் இது: சிறு விபத்தில் இரு தரப்புக்கும் உண்மையில் வேண்டியது ‘என் தப்புதான்’ என்ற இரண்டு சொல். அது எதிராளி வாயிலிருந்து வராதபோதுதான் ரூபாய்ப் பேச்சு எழுகிறது.

இயல் ஒன்று: முன்னோடி வழக்குகள்

வாகன விபத்தைப் பற்றித் தமிழர் எல்லோருக்கும் தெரிந்த வழக்கு திருவாரூருடையது. இளவரசன் தேரேறி வந்தான். கன்று ஒன்று தேர்க்காலுக்குள் புகுந்து செத்தது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. மனுநீதிச் சோழன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். பள்ளிக்கூடப் பாடம் இங்கே கைதட்டி முடித்துவிடும். ஆய்வாளன் கவனிக்க வேண்டியது நடுவில் இருக்கிறது. சேக்கிழார் சொல்வதைப் பார்த்தால், கன்று தானாக வந்து புகுந்தது என்று அமைச்சர் எடுத்துச் சொல்லியிருக்கிறார். வேத விதிப்படி ஒரு பிராயச்சித்தம் செய்துவிடலாம் என்று செட்டில்மெண்டும் பேசிப் பார்த்திருக்கிறார்கள். அரசன் ஒப்பவில்லை. ஆக, நடுவில் புகுந்து பேசி முடிக்கப் பார்க்கும் கூட்டம் ஆரிய கவுடா சாலையில் திடீரென்று முளைத்ததல்ல.

அந்த விபத்து இன்றும் திருவாரூர்க் கோயில் மதிலுக்கு வெளியே கல்தேரும் கன்றுமாக அப்படியே நிற்கிறது. சர்வேயர் வந்து பார்க்கும்வரை வண்டியை நகர்த்தாதே என்பார்களே, அதை இவ்வளவு காலம் கடைப்பிடித்த ஊர் வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை.

பாரி முல்லைக்குத் தேர் கொடுத்ததை இந்த ஆய்வில் சேர்க்க முடியாது. அது மோதல் இல்லை. காப்பீட்டுக்காரர் மொழியில் அது ‘டோட்டல் லாஸ்’. அதுவும் உரிமையாளரே மனமறிந்து செய்தது. கிளெய்ம் நிற்காது.

இயல் இரண்டு: மோதலின் பௌதிகம்

வெள்ளைக் காரின் எடை சுமார் 1,200 கிலோ என்று கொள்வோம். வேகம் மணிக்கு 8 கிலோமீட்டருக்கு மேல் இருந்திருக்காது. அந்தச் சாலையில் காலை நேரத்தில் அதற்கு மேல் போனால் அதுவே செய்தி. எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைப்பது ஏறத்தாழ 3,000 ஜூல். இதை ஆகாரக் கணக்குக்கு மாற்றினால் 0.7 கிலோகலோரி. ஓர் இட்லியில் குறைந்தது 40 கிலோகலோரி இருக்கிறது. அதாவது, அன்று என் பம்பர் வாங்கிக்கொண்ட மொத்த வீரியம் ஓர் இட்லியில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. அதைத் தொடர்ந்து நாற்பது நிமிடம் நடுத்தெருவில் நின்று பேசியதில் நானும் வெள்ளைக் கார்க்காரரும் ஆளுக்கு இரண்டு இட்லியாவது செலவழித்திருப்போம். பின்விளைவு மோதலைவிட இருநூறு மடங்கு பெரியது என்பது இவ்வாறு நிறுவப்பட்டது.

பிரேக் விஷயத்தில் இன்னொன்று. திருவாரூர் ஆழித்தேர் வீதி திரும்பும்போது சக்கரத்தடியில் கட்டையைச் செருகித்தான் நிறுத்துவார்கள்; பிற்பாடு திருச்சி பெல் நிறுவனத்தார் ஹைட்ராலிக் பிரேக்கே பொருத்திக் கொடுத்தார்கள். அந்தக் கட்டைக்குப் பெயர் முட்டுக்கட்டை. ஒரு காரியத்தைக் கெடுக்கிறவனை நாம் முட்டுக்கட்டை போடுகிறான் என்று திட்டுகிறோம். பிரேக் போட்டவனையே குற்றவாளியாக்கும் மனப்பான்மை நம் மொழியிலேயே ஊறிக் கிடக்கிறது. அன்று அந்த வெள்ளைக் காரை ஓட்டிவந்த இளைஞரும் அதையேதான் சொன்னார்.

இயல் மூன்று: களம்

கதவைத் திறந்து இறங்கினேன். அவரும் இறங்கினார். முப்பது முப்பத்திரண்டு வயது. கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. வண்டிக்கு நான்கு மாதம்கூட ஆகியிருக்காது, டேஷ்போர்டில் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரியவில்லை. இந்த இடத்தில் நான் ஒரு தவறு செய்தேன். வளர்த்த விதம் அப்படி, இறங்கியதும் என் வாயில் முதலில் வந்தது “சாரி.”

பக்கத்தில் ஆட்டோவை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர் தலையில் அடித்துக்கொண்டார். “இன்னா சார் நீ? பின்னால வந்து குத்துனது அவரு. நீ இன்னாத்துக்கு சாரி சொல்ற?”

சாரி என்பது வெறும் மூச்சு. ஒப்புதல் வாக்குமூலம் அல்ல. ஆனால் களத்தில் அது அப்படித்தான் பதிவாகும். இளைஞர் அதைப் பற்றிக்கொண்டார். “சடன் பிரேக் போட்டா எப்படி சார்?”

மரியாதை இறங்கும் வரிசையைக் கைக்கடிகாரத்தோடு பதிவு செய்யும் வாய்ப்பு எல்லா ஆய்வாளருக்கும் கிடைக்காது. முதல் நிமிடம் ‘சார்’ இருந்தது. மூன்றாம் நிமிடம் ‘சார்’ போய் ‘ஹலோ’ வந்தது. இந்த ஹலோ தனி ஆய்வுக்குரியது. தொலைபேசியில் அது வரவேற்பு. சாலையில் அதே சொல் போர்ப்பறை. ‘ஹலோ... ஹலோ... ஹலோ’ என்று மூன்று முறை சுருதி ஏற்றிச் சொன்னால், அடுத்து வருவது சட்டையின் கை மடிப்பு. ஆறாம் நிமிடம் “மரியாதையா பேசுங்க” என்றார். நான் “நீங்க மரியாதையா பேசுங்க” என்றேன். ஏழாம் நிமிடம் “மரியாதையா பேசு” என்றார். மரியாதையைக் கேட்கும் வாக்கியத்திலிருந்தே மரியாதை விகுதி உதிர்ந்துபோன அந்தக் கணத்தை எந்த இலக்கண ஆசிரியரும் எடுத்துக்காட்டாகப் பயன்படுத்திக்கொள்ளலாம், அனுமதி தேவையில்லை.

சென்னையின் பேர்போன வசையான ‘வூட்ல சொல்லிட்டு வந்தியா’ எங்கள் உரையாடலில் கடைசிவரை வரவில்லை. யோசித்தபோது காரணம் பிடிபட்டது. அது மோதல் நடந்த பிறகு சொல்லும் வாக்கியமே அல்ல. இடிக்காமல் தப்பித்த பிறகு, பிரேக் போட்டவர் குறுக்கே வந்தவரிடம் கேட்பது. இடித்துவிட்டால் வீட்டுக்குச் சொல்ல வேண்டிய நிலைமை நிஜமாகவே வந்துவிடுகிறது. அப்புறம் அதைக் கேட்பது நாகரிகம் இல்லை.

வழக்கின் நுட்பமான பகுதிக்கு வருகிறேன். மத்திய அரசின் 1989ஆம் ஆண்டுச் சாலை விதிகள் இரண்டு விஷயங்களைச் சொல்லின. முன்னால் போகும் வண்டி திடீரென்று நின்றாலும் இடிக்காத அளவுக்குப் பின்னால் வருகிறவர் இடைவெளி விட வேண்டும். பாதுகாப்புக்கு அவசியம் என்றாலொழிய யாரும் திடீர் பிரேக் போடக் கூடாது. 2017இல் புது விதிகள் வந்த பிறகும் இடைவெளி விடச் சொல்லும் கடமை போகவில்லை. ஆக, முழு வழக்கும் ஒரே கேள்வியில் தொங்கியது: பாதுகாப்புக்கு அவசியம் இருந்ததா? அதாவது, கன்று இருந்ததா?

“மாடு குறுக்க வந்துச்சுப்பா.”

“எங்க சார் மாடு? காட்டுங்க.”

காட்ட முடியவில்லை. திருவாரூர் வழக்கில் கன்று செத்துக் கிடந்தது. சான்று பலமாக இருந்தது. என் கன்று உயிரோடு தலைமறைவாகிவிட்டது. டீக்கடைக்காரர், தான் அந்நேரம் டீ ஆற்றிக்கொண்டிருந்ததாகவும் ஆற்றும்போது கண் டம்ளரில்தான் இருக்கும் என்றும் சொன்னார். தொழில் தெரிந்தவர் சொல்வது, மறுக்க முடியாது. பால் பாக்கெட்டோடு நின்ற பெரியவர் கன்றைப் பார்த்திருந்தார். ஆனால் அவர் தீர்ப்பு வேறு தளத்தில் இயங்கியது. “நான் இங்க குடி வந்தப்போ இந்த ரோட்டுல மொத்தமே நாலு காருதான் போகும்” என்றார். இரு தரப்பையும் சமமாகக் கண்டிக்கும் தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது.

பிறகு போன். எல்லாச் சிறு விபத்திலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மச்சான் உண்டு. அவர் போலீஸிலோ கோர்ட்டிலோ கட்சியிலோ இருப்பார், ‘வந்துக்கிட்டே’ இருப்பார், எந்தக் களத்துக்கும் வந்து சேர்ந்ததை நான் பார்த்ததில்லை. இளைஞர் கொஞ்சம் தள்ளிப் போய், எனக்குக் கேட்கும் தூரத்தில் நின்று, “மச்சான், ஒரு சின்ன இஷ்யூடா” என்றார். என் மச்சினர் கும்பகோணத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவரை வரவழைத்தால் ‘இடித்தல்’ என்ற தொழிற்பெயரை விளக்குவார். ஆனாலும் களத்தில் கை சும்மா இருக்கக் கூடாது. போனைக் காதில் வைத்துக்கொண்டு, யாரையும் அழைக்காமலே, “ஆமா... ஆமா... நம்பர் நோட் பண்ணிட்டேன்” என்று இரண்டு நிமிடம் பேசினேன். அவர் மச்சானும் என் மச்சினரைப் போன்றவர்தானோ என்ற சந்தேகம் எனக்கு அன்றிலிருந்து உண்டு.

ஆட்டோக்காரர் ரூபாய்ப் பேச்சை எடுத்தார். “தம்பி, ஒரு ரெண்டாயிரம் குட்த்துட்டு போய்க்கினே இரு. பெரியவரு பாவம்.” பெரியவர் என்றது என்னை. பம்பரைவிட அது ஆழமான பள்ளம். இளைஞர், “நான் ஏன் குடுக்கணும்? என் வண்டிக்கு யார் குடுப்பா?” என்றார். இந்த இடத்தில் கருதுகோளைச் சோதித்துப் பார்த்தேன். “பணம் வேணாம்ப்பா. தப்பு உன்மேலன்னு சொல்லிட்டுப் போ.” அவர் சற்று யோசித்தார். பிறகு பர்ஸை எடுத்து, “ஆயிரம் தரேன்” என்றார். கருதுகோள் நிரூபணமான இடம் இது. ஆயிரம் ரூபாய் தர முடிகிறது. இரண்டு சொல் தர முடியவில்லை. நானும் வாங்கவில்லை. வாங்கினால் இரண்டு சொல்லுக்கு அவ்வளவுதான் விலை என்றாகிவிடும்.

இறுதியில் எங்களைப் பிரித்துவைத்தது நீதியோ போலீஸோ அல்ல. பின்னால் நின்ற மாநகரப் பேருந்தின் ஹாரன். அவசர அவசரமாக ஒருவர் நம்பர் பிளேட்டை மற்றவர் படம் எடுத்தோம். அவர் தன் எண்ணைச் சொன்னார், நான் குறித்துக்கொண்டேன். “ஒரு மிஸ்டு கால் குடுங்க” என்பதற்குள் பேருந்துக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்காத நிலைக்குப் போய்விட்டார். மிஸ்டு கால் கொடுத்துச் சரிபார்க்காத எண் செல்லாக்காசு என்பதை வருங்கால ஆய்வாளர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஏழு வாரம் கழித்து அந்த எண்ணை அழைத்தபோது, “யாருய்யா பேசுதது?” என்று நெல்லைப் பக்கத்துப் பாட்டி ஒருவர் கேட்டார். நல்லபடியாகப் பேசினார். அவருக்குக் கார் கிடையாது.

வண்டியில் ஏறும்போது டீக்கடைப் பையன் ஓடிவந்து ஒன்றை என் கையில் வைத்தான். “சார், உங்க வண்டிலருந்து விழுந்துச்சு.” தீப்பெட்டி அளவு, வெள்ளை நிறம், சதுரமான பிளாஸ்டிக் மூடி. வண்டி நடுவழியில் நின்றுபோனால் இழுத்துப் போகக் கொக்கி மாட்டுவார்களே, அந்தத் துளையை மூடியிருப்பது. என் வண்டி வெள்ளி. மூடி அவருடையது. திரும்பிப் பார்த்தேன், வெள்ளைக் கார் போய்விட்டிருந்தது.

இயல் நான்கு: காவல் நிலையம்

போகவில்லை. போயிருந்தால் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று கொடுத்து, “பேசித் தீத்துக்கங்க சார்” என்றிருப்பார்கள். அதைத்தான் நாற்பது நிமிடம் செய்தோம்.

இயல் ஐந்து: கணக்கு

சட்டப்படி என் பம்பருக்கு அவருடைய காப்பீட்டு நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் வண்டியைத் தெருவில் இறக்கவே கூடாது என்கிறது சட்டத்தின் 146ஆம் பிரிவு. தனியார் காரால் பிறர் பொருளுக்கு நேரும் சேதத்துக்கு வழக்கமான பாலிசி ஏழரை லட்சம்வரை பொறுப்பேற்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதைக் கேட்க மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். சென்னையில் அது உயர் நீதிமன்ற வளாகத்தில், சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் இருக்கிறது. அதே வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்கும் சிலை உண்டு. ஒரு பம்பருக்காக வக்கீல் வைத்து அவர் முகத்தில் விழிக்க எனக்குத் துணிவில்லை. ஊரில் எல்லோரும் செய்வதுபோல் என் பாலிசியிலேயே கிளெய்ம் போடலாமா என்று சர்வீஸ் சென்டருக்குப் போனேன்.

கையில் டேப்லெட்டோடு வந்த தம்பி பம்பரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “ரிப்பேர் கிடையாது சார், மாத்திடலாம்.” பம்பர் 3,200 ரூபாய், பெயிண்ட் 4,000, கூலி 1,200, ஆக 8,400. “இன்சூரன்ஸ் இருக்கே சார், கவலைப்படாதீங்க.”

கவலைப்பட வேண்டிய இடம் அதுதான். காப்பீட்டில் ‘தேய்மானம்’ என்றொரு தத்துவம் உண்டு. உலோகம் மெல்ல மூப்படையும்: ஆறு மாதம்வரை பூஜ்யம், பிறகு படிப்படியாக ஏறி ஐந்து வயதுக்கு மேல் 40 விழுக்காடு, பத்து தாண்டினால் 50. ரப்பர், நைலான், பிளாஸ்டிக், டயர், பேட்டரி இவற்றுக்கு இந்தப் படிகள் கிடையாது. ஷோரூமை விட்டு இறங்கிய அன்றே பாதி ஆயுள் முடிந்தது, 50 விழுக்காடு. கண்ணாடி ஒன்றுக்கு மட்டும் தேய்மானமே இல்லை. மண்ணில் எல்லாம் மூப்படைய, கண்ணாடி மட்டும் மார்க்கண்டேயனைப்போல் என்றும் பதினாறாக இருக்கிறது. பம்பர் எதனால் ஆனது? அம்பாசிடர் காலத்தில் எஃகு; இன்று பிளாஸ்டிக். இந்தப் பிடித்தங்கள் வேண்டாம் என்போர் கூடுதல் பிரீமியம் கட்டி வாங்கும் பாலிசிக்குத் தெருப்பெயரே ‘பம்பர் டு பம்பர்’. அன்று நாங்கள் நின்ற நிலையும் அதுவே.

கணக்குப் போட்டேன். பம்பரில் பாதி, 1,600 போயிற்று. பெயிண்ட் பில்லில் கால் பங்கைப் பொருள் என்று எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள், 500. எல்லாக் கிளெய்மிலும் நாம் ஏற்க வேண்டிய கட்டாயப் பங்கு, 1500 சிசிவரை உள்ள வண்டிக்கு 1,000. மொத்தம் 3,100 கழிய, நிறுவனம் தருவது 5,300. இதுவரை லாபம்தான்.

இனி ‘நோ கிளெய்ம் போனஸ்’. ஒருமுறையும் கை நீட்டாமல் ஐந்து வருடம் நல்ல பிள்ளையாக இருந்து 50 விழுக்காடு தள்ளுபடியை எட்டியிருந்தேன். கிளெய்ம் போட்டால் அது பூஜ்யமாகி, மறுபடி 20, 25, 35, 45 என்று படியேற வேண்டும். என் வண்டிக்குச் சொந்தச் சேதப் பிரீமியம் தள்ளுபடிக்கு முன் 4,000. நான் கட்டிவந்தது 2,000. இனி வருடாவருடம் கூடுதலாகக் கட்ட வேண்டியது 2,000, 1,200, 1,000, 600, 200. கூட்டினால் 5,000. வரியையும், வண்டியின் மதிப்பு வருடாவருடம் குறைவதையும் சேர்க்கவில்லை. சேர்த்தால் மனம் இன்னும் குழம்பும்.

5,300இல் 5,000 போக, முந்நூறு ரூபாய். சர்வீஸ் சென்டருக்கு வண்டியை விட்டுவிட்டு ஆட்டோவில் திரும்பி, மறுபடி எடுக்கப் போக அதற்கு மேல் ஆகும். வண்டியைத் திருப்பிக்கொண்டு வேப்பமரத்தடிப் பட்டறைக்குப் போனேன்.

அங்கே டிங்கர் குந்தி உட்கார்ந்து, பம்பரின் வலது மூலையைத் தடவினார். வெற்றிலையை மடித்தால் விழுவது மாதிரி ஒரு பள்ளம். அதற்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளையாகக் கீறல். கட்டைவிரலை நாக்கில் தொட்டு, எச்சிலோடு கீறலைத் தேய்த்தார். விரலைத் திருப்பிக் காட்டினார். வெள்ளையாக மாவு மாதிரி ஒட்டியிருந்தது.

“சார், இதுல முக்காவாசி உங்க கீறலே இல்ல. அவன் பெயிண்ட்டு. அவன் வண்டியிலருந்து இங்க வந்து ஒட்டிக்கினு இருக்கு.”

பிரான்ஸில் லியோன் நகரத்தில் 1910இல் போலீஸுக்கென்று ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கிய எட்மண்ட் லோக்கார் என்பவர், இரண்டு பொருள் தொட்டுக்கொண்டால் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஏதாவது போய்த்தான் தீரும் என்ற கொள்கையால் புகழ்பெற்றவர். நம்மவர் ஒரு துளி எச்சிலில் அதே முடிவுக்கு வந்துவிட்டார். ஏழு வாரமாக நான் இழப்பு என்று எண்ணிப் பொருமிக்கொண்டிருந்தது, கணக்குப்படி வரவு.

டீக்கடையிலிருந்து கொதிக்கும் வெந்நீர் ஒரு கெட்டிலில் வந்தது. பள்ளத்தின்மேல் ஊற்றி, பம்பருக்குள் கையை விட்டு உள்ளிருந்து தள்ளினார். டொப் என்று பம்பர் பழைய முகத்துக்குத் திரும்பியது. ரப்பிங் பாலிஷ் போட்டுத் தேய்த்ததும் வெள்ளை போயிற்று. என் சொந்தக் கீறல் ஒரு விரல் நீளத்துக்கு மட்டும் மிஞ்சியது. “பட்டி பாத்து அடிச்சா மூவாயிரம் ஆவும். வேணாம் சார், இப்டியே ஓட்டுங்க.” எழுநூறு ரூபாய்.

வண்டியை எடுக்கப்போன என்னை நிறுத்தினார். “சார், பிரேக்கை மிதிங்க.” மிதித்தேன். “விட்டு மிதிங்க.” பின்னால் போய் நின்றவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

“ரைட் சைடு லைட்டு எரியல சார். லெஃப்ட்டு மின்மினி மாதிரி கீது. எவ்ளோ நாளா இப்டி ஓட்றீங்க?”

இரண்டு பல்புக்கும் சேர்த்து நூற்றிருபது ரூபாய் கொடுத்தேன். சில்லறை கேட்கவில்லை.

இயல் ஆறு: வீடு

இந்த இயலைக் கால வரிசைப்படி முன்னாலேயே வைத்திருக்க வேண்டும். ஆய்வாளன் தள்ளிப்போட்டதற்குக் காரணம் உண்டு. வீட்டு விசாரணை இன்னும் முடியவில்லை.

மனைவியின் முதல் கேள்வி, “உங்களுக்கு ஒண்ணும் ஆகலியே?” அந்தக் கரிசனம் நான்கு நொடி நீடித்தது. ஐந்தாவது நொடியில் “நான் அப்பவே சொன்னேன்” வந்தது. எந்த ‘அப்ப’ என்று கண்டறிய முயன்றேன். லேக் வியூ ரோடு வழியாகப் போகச் சொன்னது, நடந்து போகச் சொன்னது, இந்த வண்டியே வேண்டாம் என்று ஒன்பது வருடத்துக்கு முன் சொன்னது என மூன்று பாடபேதங்கள் கிடைத்தன. மூலபாடத்தைச் செம்பதிப்பு செய்ய இன்னொரு ஆயுள் வேண்டும்.

என் தாயார் பஞ்சாங்கத்தை எடுத்தார். செவ்வாய்க்கிழமை ராகுகாலம் மாலை மூன்று மணிக்கு, பொருந்தவில்லை. எமகண்டம் காலை ஒன்பதுக்கு. இருபது நிமிட வித்தியாசம். கடிகாரம் மெதுவாக ஓடியிருக்கலாம் என்றார். அதுவும் நிற்காதபோது சந்திராஷ்டமம் வந்தது. அதற்கு எதிர்வாதம் கிடையாது. கூடவே திருஷ்டி. ஒன்பது வருடப் பழைய வண்டிமேல் கண்வைக்கும் அளவுக்குக் கஷ்டத்தில் இருப்பவர் யார் என்று கேட்டேன். பதில் இல்லை. அடுத்த ஞாயிறு பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரர் கோயிலுக்கு வண்டி போயிற்று. வரிசையில் எனக்கு முன்னும் பின்னும் மாலை போட்ட புத்தம்புது வண்டிகள். நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். இதுவரை ஆராய்ந்த காப்பீட்டு முறைகளில் பிரீமியம் குறைவானது இதுதான். தேய்மானப் பிடித்தமும் இல்லை.

செய்தி கும்பகோணம் போய்ச் சேர்வதற்குள் வெள்ளைக் கார் லாரியாகிவிட்டது. மச்சினர் போன் செய்து, “ஆளுக்கு ஒண்ணும் இல்லையே?” என்று கம்மிய குரலில் கேட்டார். இல்லை என்றதும் அவர் குரலில் லேசான ஏமாற்றம் தெரிந்தது. பெங்களூரிலிருந்து மகள், “டேஷ்கேம் வாங்குப்பா, அடுத்த தடவை ப்ரூஃப் இருக்கும்” என்றாள். டேஷ்கேம் முன்னால் பார்க்கும். கன்று அதில் தெளிவாக விழும். என் பிரேக் லைட் விழாது என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. பல்பு மாற்றியது வீட்டில் யாருக்கும் தெரியாது.

கருதுகோளைத் திருத்த வேண்டும் என்று நெறியாளர் எவரேனும் சொன்னால் ஏற்றுக்கொள்வேன். ‘எதிராளி வாயிலிருந்து’ என்று எழுதிய இடத்தில் இப்போது ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஆவணி மாதம் செவ்வாய்க்கிழமை காலை 8.40க்கு ஆரிய கவுடா சாலையில் கன்றுக்குட்டியைப் பார்க்காத வெள்ளைக் கார்க்காரர் இதைப் படிக்க நேர்ந்தால்: உங்கள் முன்பம்பரில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சதுர ஓட்டை இருக்கும். அதன் மூடி என் டேஷ்போர்டில் பத்திரமாக இருக்கிறது. காலை எட்டிலிருந்து ஒன்பதுவரை அந்த டீக்கடையில்தான் இருப்பேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள். பிரேக் லைட் சம்பந்தமாகவும் உங்களிடம் இரண்டு சொல் சொல்ல வேண்டியிருக்கிறது.